தட்டியது யார்? ‘தி ஹாண்டிங்’: மூலமும் மறுஆக்கமும்

1999 ஜூலையில் யான் டெ போன்ட்டின் இயக்கத்தில் ‘தி ஹாண்டிங்’ வெளிவந்தபோது அதன்மீது எழுந்த கண்டனங்கள் ஏறத்தாழ ஒரே குரலில் அமைந்திருந்தன. கணினி வரைகலை மிகுந்துவிட்டது. மறைத்து வைக்க வேண்டியதையெல்லாம் வெளிச்சத்தில் இழுத்துப் போட்டுவிட்டார்கள். அஞ்ச வேண்டிய இடத்தில் சிரிப்பு வருகிறது என்பன அவை. அவ்வாண்டின் ஆக மோசமான படங்களுக்கென ஏளனமாக வழங்கப்படும் ராஸி விருதுகளுக்கு அப்படம் 5 பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டது. இத்தனைக்கும் வணிக நோக்கில் அதைத் தோல்வி என்று சொல்ல இயலாது. ஏறத்தாழ 8 கோடி டாலர் செலவில் உருவாகி, உலகெங்கும் 17 கோடி டாலருக்கு மேல் ஈட்டிய படம் அது. கூட்டம் வந்தது, பார்த்தது, கலைந்தது. மறுநாள் நினைத்துப் பார்க்க அதில் எதுவும் இருக்கவில்லை.

மேற்சொன்ன கண்டனங்களை நாம் மறுக்கவில்லை. ஆயினும் வரைகலையின் மீது பழியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவது எளிய வழி. 1963-இல் ராபர்ட் வைஸ் இதே பெயரில் எடுத்த கருப்பு வெள்ளைப் படத்தையும், 1999-ஆம் ஆண்டுப் படத்தையும் அடுத்தடுத்துப் பார்க்கும் ஒருவர், காட்டுவதா மறைப்பதா என்ற கேள்வி எழுவதற்கு முன்னரே, கதை எழுதும் மேசையிலேயே ஒரு பெரும் இழப்பு நேர்ந்துவிட்டதைக் கண்டுகொள்வார். மூலக் கதையிலிருந்த ஒரு பெண்ணை மறுஆக்கம் அடியோடு நீக்கிவிட்டது. அவளுக்குப் பெயர்கூடக் கிடையாது. கதை தொடங்குவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே இறந்து போனவள். ஆனால் அவளை எடுத்துவிட்டால் அந்த வீட்டில் அஞ்சுவதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. இதனை விளக்கவே இக்கட்டுரை.

இரு படங்களுக்கும் அடிப்படை அமெரிக்க எழுத்தாளர் ஷெர்லி ஜாக்சன் 1959-இல் வெளியிட்ட ‘தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்’ என்னும் நாவல். இந்த ‘ஹாண்டிங்’ என்ற சொல்லைத் தமிழில் பெயர்க்க முற்படும்போது ஒன்று புலப்படுகிறது. பேய் உலவுதல், ஆவி குடிகொள்ளுதல் என்றெல்லாம் சொல்லலாம். எனினும் நம் மொழியில் இதற்கு ஆகப் பொருத்தமான வினை ‘பிடித்தல்’ என்பதே. பேய் பிடிக்கிறது, பித்துப் பிடிக்கிறது என்கிறோம். அதே வாயால் இந்த ஊர் எனக்குப் பிடித்திருக்கிறது என்றும் சொல்கிறோம். பற்றிக்கொள்வதும் விருப்பம் கொள்வதும் ஒரே சொல்லுக்குள் ஒடுங்கியிருக்கின்றன. ஜாக்சனின் நாயகி எலினோருக்கு நேர்வதும் இதுவே. அந்த வீடு அவளைப் பிடிக்கிறது. அவளுக்கும் அந்த வீடு பிடித்துப் போகிறது. எது முந்தியது, எது பிந்தியது என்று பிரித்தறிய முடியாத நிலையில்தான் நாவலின் திகில் முழுதும் இருக்கிறது.

எலினோரின் வரலாறு சுருக்கமானது. முப்பத்திரண்டு வயது. பதினோரு ஆண்டுகளாக நோயாளியான தாய்க்குப் பணிவிடை செய்தே இளமை கழிந்தவள். தாய் இறந்தபின் தமக்கையின் வீட்டில், வேண்டாத விருந்தாளியாக ஒண்டியிருக்கிறாள். சிறுவயதில் அவளது வீட்டின்மீது மூன்று நாள்கள் காரணமின்றிக் கற்கள் விழுந்தன என்றொரு பழைய பதிவு இருப்பதால், அமானுட நிகழ்ச்சிகளை ஆராயும் ஒரு பேராசிரியர் அவளையும் ஹில் ஹவுஸ் என்ற பாழடைந்த மாளிகைக்கு அழைக்கிறார். தன்னை ஒருவர் அழைத்திருக்கிறார் என்பதே அவள் வாழ்வின் பெரும் நிகழ்ச்சி. தமக்கையும் அவள் கணவரும் தடுத்தும், காரை அவர்களுக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு புறப்படுகிறாள்.

வைஸ் இந்தக் கதைக்கு வந்த வழியும் கவனத்திற்குரியது. ‘சிட்டிசன் கேன்’ (1941) படத்தின் தொகுப்பாளராக இருந்த அவர், ஆர்.கே.ஓ. நிறுவனத்தில் தயாரிப்பாளர் வால் லூட்டனிடம் இயக்குநராக உருவானவர். குறைந்த செலவில் திகில் படங்களை எடுக்கும் பொறுப்பு லூட்டனிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. பெரிய பூதங்களைச் செய்யப் பணமில்லை. அந்த வறுமையையே அவர் ஓர் அழகியலாக மாற்றினார். அவர் தயாரிப்பில் ஜாக் டூர்னர் இயக்கிய ‘கேட் பீப்பிள்’ (1942) படத்தில், இரவில் தனியாக நீச்சல் குளத்தில் இருக்கும் பெண்ணைச் சுற்றி நீரின் ஒளி சுவரில் அலைகிறது. எங்கோ ஓர் உறுமல் கேட்கிறது. விலங்கை நாம் தெளிவாகக் காண்பதில்லை. வைஸின் தொடக்ககாலப் படங்களான ‘தி கர்ஸ் ஆஃப் தி கேட் பீப்பிள்’ (1944), ‘தி பாடி ஸ்நாச்சர்’ (1945) ஆகியவை இந்தப் பள்ளியில் விளைந்தவை. பின்னர் ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ (1961) 10 ஆஸ்கார் விருதுகளைப் பெற்று அவரைப் பெருஞ்செலவுப் படங்களின் இயக்குநராக உயர்த்தியது. அந்த உயரத்திலிருந்து இறங்கி, செலவைக் குறைக்க இங்கிலாந்துக்குச் சென்று, கருப்பு வெள்ளையில் ஒரு சிறிய படத்தை எடுக்க அவர் முன்வந்தார். லூட்டனுக்குச் செலுத்திய கடனாகவே அதைக் கருத வேண்டும்.

திரைக்கதையை எழுதிய நெல்சன் கிட்டிங், கதை முழுவதும் மனநோய் விடுதியில் இருக்கும் ஒரு பெண்ணின் மனப்பிறழ்வாக இருக்கலாமோ என்ற ஐயத்துடன் ஜாக்சனை நேரில் சந்தித்தார். நல்ல யோசனைதான், ஆனால் நான் எழுதியது அமானுடத்தைப் பற்றியே என்று ஜாக்சன் கூறிவிட்டார். எனினும் கிட்டிங்கின் ஐயம் படத்திலிருந்து முற்றாக வெளியேறவில்லை. எலினோரின் அகக்குரலைப் படம் நெடுகிலும் நாம் கேட்கிறோம். அவளது மனத்திற்குள் இருந்தபடியே வீட்டைப் பார்க்கிறோம். அவளை நம்பவும் முடியாது, அவளை விட்டு வெளியேறவும் முடியாது.

இனி, நாம் முன்னர் சொன்ன பெயரற்ற பெண்ணிடம் வருவோம். 1963-ஆம் ஆண்டுப் படம் அந்த வீட்டின் வரலாற்றைச் சொல்லித் தொடங்குகிறது. வீட்டைக் கட்டிய ஹியூ கிரெய்னின் முதல் மனைவி, வீட்டைக் கண்ணால் காணுமுன்னரே வண்டி மரத்தில் மோதி மடிகிறாள். இரண்டாம் மனைவி படியில் விழுந்து இறக்கிறாள். மகள் அபிகாயில் குழந்தைகள் அறையிலேயே வளர்ந்து, அங்கேயே கிழவியாகிறாள். படுக்கையில் கிடக்கும் சிறுமியின் முகம் நம் கண்முன்னே மெல்ல மெல்ல முதுமையடையும் அந்தச் சில நொடிகளை, திரைப்படத் தொகுப்பின் அரிய சாதனைகளுள் ஒன்றாகக் கொள்ளலாம். அந்த மூதாட்டிக்குத் துணையாக ஊரிலிருந்து ஒரு பெண் அமர்த்தப்படுகிறாள். ஓரிரவு அபிகாயிலுக்கு உடல்நிலை மோசமாகிறது. கைத்தடியால் சுவரைத் தட்டுகிறாள். துணைப்பெண்ணோ தாழ்வாரத்தில் ஒரு பண்ணையாளுடன் இருக்கிறாள். தட்டல் ஓய்ந்துவிடுகிறது. வீடு துணைப்பெண்ணுக்கு உடைமையாகிறது. ஊர் முணுமுணுக்கிறது. பிறகு ஒருநாள் நூலக அறையின் சுருள்படியில் அவள் தூக்கிட்டுக் கொள்கிறாள்.

இப்போது எலினோர் தன் தாயைப் பற்றிச் சொல்வதை இதனருகில் வைத்துப் பார்க்க வேண்டும். தாய் இறந்த இரவிலும் சுவர் தட்டப்பட்டது. எத்தனையோ இரவுகளில் தட்டியவள்தான். ஒவ்வொரு முறையும் எழுந்து போனவள்தான். அன்று மட்டும் எலினோர் போகவில்லை. தான் விழித்துக்கொண்டோமா, கேட்டும் கேளாதவள்போல் மறுபடியும் உறங்கிவிட்டோமா என்பதை அவளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இதைவிடக் கொடிய ஐயம் ஒரு மகளுக்கு இருக்க முடியுமா? செய்தது குற்றமென்று தெரிந்தால் அழுது தீர்க்கலாம். செய்யவில்லை என்று தெரிந்தால் ஆறுதல் கொள்ளலாம். செய்தோமா இல்லையா என்றே தெரியாத நிலையில் இரண்டுக்கும் வழியில்லை. நீண்டநாள் நோயாளியைப் பேணியவர்கள் எவரும் இந்த இடத்தில் தலைகுனியாமல் இருப்பது கடினம். அயர்ச்சி மிகுந்த ஓரிரவில் அந்த அழைப்பு நின்றுவிடாதா என்று ஒருகணம் எண்ணாத மனம் எது?

அதனால்தான், ஹில் ஹவுஸில் முதல் இரவே நள்ளிரவில் சுவர் அதிரத் தொடங்கும்போது, அரைத்தூக்கத்தில் எலினோர் தாய் அழைப்பதாக நினைத்து எழுகிறாள். அந்தக் காட்சியின் வலிமையைச் சத்தத்தின் அளவைக் கொண்டு மட்டும் மதிப்பிட முடியாது. தாழ்வாரத்தின் கோடியிலிருந்து கதவு கதவாகத் தட்டிக்கொண்டு ஏதோ வருகிறது. எலினோரும் தியோடோராவும் கட்டிலில் ஒடுங்கிக் கிடக்கிறார்கள். கேமரா கதவைப் பார்க்கிறது, கைப்பிடியைப் பார்க்கிறது, மறுபடி முகங்களைப் பார்க்கிறது. கதவுக்கு அப்பால் அது ஒருபோதும் போவதில்லை. சத்தங்களை முன்கூட்டியே பதிவுசெய்து, படப்பிடிப்பின்போது நடிகைகள் கேட்கும்படி ஒலிக்கவிட்டார் வைஸ். ஆகவே ஜூலி ஹாரிஸும் கிளேர் புளூமும் ஏதோ ஒன்றைக் கேட்பதாகப் பாவனை செய்யவில்லை, கேட்டார்கள். பிற்பகுதியில் அறைக்கதவு மூச்சு விடுவதுபோல் உள்நோக்கிப் புடைக்கும் புகழ்பெற்ற காட்சிக்கு வேண்டியிருந்தது ஒரு மெல்லிய ஒட்டுப்பலகைக் கதவும் அதற்குப் பின்னாலிருந்து தள்ள ஒரு பலசாலியும் மட்டுமே. 36 ஆண்டுகளுக்குப் பின் 8 கோடி டாலரால் அதற்கு நிகரான ஒரு கதவைச் செய்ய முடியவில்லை.

ஒளிப்பதிவாளர் டேவிஸ் போல்டனின் பங்கைச் சொல்லாமல் விடுவது நன்றன்று. பானாவிஷன் நிறுவனம் அப்போது சோதனை நிலையில் வைத்திருந்த 30 மில்லிமீட்டர் அகலவில்லையை வைஸ் கேட்டு வாங்கினார். அதில் குறைபாடு உண்டு, பிம்பம் ஓரங்களில் வளையும் என்பதை அறிந்தே பெற்றுக்கொள்வதாக எழுதிக் கையொப்பமிட்டுத் தர வேண்டியிருந்தது. அவருக்கு வேண்டியதே அந்தக் குறைபாடுதான். வீட்டின் கோணங்கள் எதுவும் செங்கோணமில்லை என்று ஜாக்சன் எழுதியதைக் கண்ணாடி வில்லையின் பிழையே திரையில் எழுதிவிட்டது. வீட்டின் வெளிப்புறத்திற்கு வார்விக்ஷயரிலுள்ள எட்டிங்டன் பார்க் மாளிகையைப் பயன்படுத்தி, அகச்சிவப்புப் படச்சுருளில் எடுத்தார்கள். வானம் கறுத்து, கல் வெளுத்து, பகலிலேயே அந்த மாளிகை உயிருள்ள ஏதோ ஒன்றாக நம்மைப் பார்க்கிறது.

இன்னொரு காட்சியையும் குறிப்பிட வேண்டும். இருட்டில் எலினோர் படுத்திருக்கிறாள். சுவருக்குள்ளிருந்து ஓர் ஆணின் முணுமுணுப்பு, தொடர்ந்து குழந்தை ஒன்றின் அழுகை. கேமரா சுவரின் புடைப்பு வேலைப்பாட்டையே உற்றுநோக்குகிறது. பூவும் இலையுமாக இருந்தவை, ஒளி சற்றே மாறியதும் கண்ணும் வாயுமாகத் தோன்றுகின்றன. அச்சத்தில் தியோடோராவின் கையைப் பற்றிக்கொள்கிறாள். அந்தக் கை நோகும்படி இறுக்குகிறது. குழந்தையைத் துன்புறுத்தும் அந்தக் கொடுமையைப் பொறுக்காமல் கத்துகிறாள். விளக்கு எரிகிறது. தியோடோரா அறையின் மறுகோடியில், தன் கட்டிலில் இருக்கிறாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது நம் பழமொழி. ஆனால் அந்தப் பழமொழி, அவன் ஏன் அரண்டான் என்று கேட்பதில்லை. வைஸின் படம் அதைக் கேட்கிறது. அன்பாகப் பற்றிக்கொள்ள ஒரு கையின்றி வாழ்ந்தவளுக்கு, கிடைத்த ஒரே கை யாருடையது என்று தெரியவில்லை. பேய் ஒன்றைக் காட்டியிருந்தால் இந்தத் துயரம் நமக்கு எட்டியிருக்குமா என்பது ஐயமே.

இவற்றையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு 1999-ஆம் ஆண்டுப் படத்திற்கு வருவோம். நாவலை அடிப்படையாகக் கொண்டதாகவே அதன் தலைப்புப் பட்டியல் கூறுகிறது. டேவிட் செல்ஃப் எழுதிய திரைக்கதையில் ஹியூ கிரெய்ன் ஒரு துணி ஆலை முதலாளி. ஆலையில் உழைத்த குழந்தைகளைத் தன் மாளிகைக்குக் கொண்டுவந்து கொன்றவன். அவர்களுடைய ஆவிகள் அங்கே சிறைப்பட்டுள்ளன. எலினோர் தற்செயலாக அங்கு வந்தவளல்லள். கிரெய்னின் இரண்டாம் மனைவி கரோலினின் வழித்தோன்றல் அவள். குழந்தைகளை விடுவிக்கவே வீட்டுக்கு வரவழைக்கப்பட்டிருக்கிறாள். இரத்தக் காலடிச் சுவடுகள் அவளுக்கு வழிகாட்டுகின்றன. மறைவான அறையில் இறந்த குழந்தைகளின் பெயர்களடங்கிய பேரேடு கிடைக்கிறது. கணப்படுப்பின் சாம்பலுக்குள் எலும்புகள் இருக்கின்றன.

இந்தக் கதை தன்னளவில் இழிவானதன்று. ஆலைத் தொழிலால் செல்வம் குவித்தவனின் மாளிகைச் சுவர்களுக்குள் குழந்தைத் தொழிலாளர்கள் புதையுண்டிருக்கிறார்கள் என்பது, தக்க கையில் அகப்பட்டிருந்தால் ஒரு வலுவான படத்திற்கு வித்தாகியிருக்கும். அது வேறு படம். இங்கே அது செய்த வேலை, எலினோரின் கணக்கைத் தீர்த்து வைத்ததே. துணைப்பெண் இல்லை. கவனிப்பாரற்று ஓய்ந்துபோன அபிகாயிலின் தட்டல் இல்லை. கல்மழை இல்லை, ஆதலால் இவையெல்லாம் எலினோரிடமிருந்தே கிளம்புகின்றனவோ என்ற ஐயத்திற்கும் இடமில்லை. தாய்க்குப் பணிவிடை செய்த பதினோரு ஆண்டுகள் வசனத்தில் இருக்கின்றன. ஆனால் வீட்டின் வரலாற்றோடு அவற்றுக்கு உறவு அறுந்துவிட்டது. குற்றவாளி கிரெய்ன், பலியானோர் குழந்தைகள், மீட்பவள் எலினோர் என்று மூன்று பெட்டிகளில் அனைத்தும் அடுக்கப்பட்டுவிட்டன. பார்வையாளர் எந்தப் பெட்டியிலும் இல்லை. அவர் நிம்மதியாக வெளியே நின்று வேடிக்கை பார்க்கலாம்.

சுவரில் தோன்றும் எழுத்துகளே போதிய சான்று. மூலத்தில் அது சுண்ணக்கட்டியால் எழுதப்பட்ட ஒரு மன்றாட்டு. எலினோர் வீடு சேர உதவுமாறு யாரோ யாரிடமோ கெஞ்சுகிறார்கள். எழுதியது வீடா, இறந்த தாயா, எலினோரேதானா? எந்த வீட்டுக்கு? மறுஆக்கத்தில் அதே இடத்தில் இருப்பது எலினோருக்கு ஒரு நல்வரவு வாசகம். விருந்தினரை வரவேற்கும் பதாகைக்கும் அதற்கும் வேறுபாடு காண்பது அரிது.

காட்டுதல் என்ற நோய் இங்கிருந்தே தொற்றுகிறது. காரணம் சொல்லப்பட்டுவிட்ட பேய், உருவம் பெற்றே தீர வேண்டும். வில்லன் ஒருவன் இருக்கிறான் என்று அறிவித்துவிட்டபின் அவனை மேடையேற்றாமல் எப்படி இருப்பது? ஆகவே திரைச்சீலைகளிலும் படுக்கை விரிப்புகளிலும் குழந்தை முகங்கள் புடைக்கின்றன. கல் சிலைகள் கண் திறக்கின்றன. செயற்கைக் குளத்துச் சிலையின் கரம் பேராசிரியரை நீருக்குள் இழுக்கிறது. கூரையிலிருந்து இறங்கும் கூர்முனைகள் எலினோரைக் கட்டிலோடு சிறைவைக்கின்றன. கணப்படுப்பின் சிங்கத்தலை பாய்ந்து லூக்கின் தலையைத் துண்டிக்கிறது. இறுதியில் கிரெய்ன் தானே மாபெரும் கரிய உருவாக எழுந்து நிற்கிறான். ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பெரிது. ஒவ்வொன்றும் முந்தையதைவிட எளிதில் மறக்கத்தக்கது. அடிபடும் உடலுக்காக நாம் ஒருகணம் முகம் சுளிக்கிறோம், அவ்வளவே.

டெ போன்ட்டின் பின்னணியையும் கருத வேண்டும். ‘டை ஹார்ட்’ (1988) முதலான படங்களின் ஒளிப்பதிவாளராகப் பெயர் பெற்றவர் அவர். ‘ஸ்பீட்’ (1994), ‘ட்விஸ்டர்’ (1996) ஆகியவற்றின் இயக்குநர். ஓடும் பேருந்தையும் சுழலும் சூறாவளியையும் கையாளத் தெரிந்தவர். இயக்கம் அவருடைய இலக்கணம். அசையாமல் நிற்கும் ஒரு வீடு, அசையாமல் நிற்பதாலேயே அச்சுறுத்தும் என்பதை அந்த இலக்கணத்துக்குள் கொண்டுவர அவரால் இயலவில்லை. வீட்டையும் ஒரு சூறாவளியாக்கிவிட்டார்.

பாராட்டத்தக்கவை இல்லாமலில்லை. லிலி டெய்லர் தன் எலினோரை முழு மனத்துடன் நடித்திருக்கிறார். தொடக்கக் காட்சிகளில் தாயின் குடியிருப்பையும் இழக்கப்போகும் பெண்ணாக அவர் நிற்கும் நிற்பிலேயே, நடக்கவிருந்த ஒரு நல்ல படத்தின் நிழல் தெரிகிறது. யூஜெனியோ ஸனெட்டி வடிவமைத்த மாளிகை உட்புறங்கள் வியப்பூட்டும் கைவினை. எனினும் அவை அருங்காட்சியகத்தின் பிரம்மாண்டம் கொண்டவை. மனிதர் வாழ்ந்து கெட்ட வீடு என்ற உணர்வு அவற்றில் பிறப்பதில்லை. இன்னொன்று உண்மையிலேயே நல்ல யோசனை. லியாம் நீசன் ஏற்ற பேராசிரியர், தூக்கமின்மையைப் பற்றிய ஆய்வு என்று பொய் சொல்லி, அச்சத்தைப் பற்றிய சோதனைக்கு இவர்களை அழைத்து வருகிறார். அச்சுறுத்துவது வீடா, ஆய்வாளரா என்ற கேள்வியை வைத்தே முழுப் படத்தையும் நடத்தியிருக்கலாம். உறங்காதவர்கள் நள்ளிரவில் கேட்கும் ஒலிகளை யார் நம்புவார்? மூலத்தின் ஐயத்துக்கு ஈடான புதிய ஐயம் ஒன்று கைக்கு எட்டும் தொலைவில் இருந்தது. முதல் வரைகலைக் குழந்தை திரைச்சீலையில் எட்டிப் பார்த்ததும் அதுவும் செத்துவிடுகிறது. எல்லாம் மெய் என்று நம் கண்ணே சாட்சி சொல்லிவிட்டபின் பேராசிரியரின் பொய்யால் யாருக்கு என்ன கேடு?

காலம் மாறிவிட்டது, 1999-இன் இளைஞர் வெறும் சத்தத்துக்கும் நிழலுக்கும் அஞ்சமாட்டார் என்று இப்படத்திற்காக வாதிடுவோர் உண்டு. அந்த வாதத்தை அதே கோடைகாலம் முறியடித்தது. மறுஆக்கம் வெளிவந்த அதே ஜூலையில்தான் ‘தி பிளேர் விட்ச் பிராஜெக்ட்’ பரவலாகத் திரைக்கு வந்தது. சிறு கேமராக்களுடன் காட்டில் வழிதவறிய மூன்று இளைஞர்கள், இரவில் கூடாரத்திற்கு வெளியே சில ஒலிகள், மரக்கிளையில் தொங்கும் சில குச்சி உருவங்கள், இவ்வளவே அதன் சரக்கு. சூனியக்காரியைக் கடைசிவரை காட்டவில்லை. உலகெங்கும் திரண்ட கூட்டம், இதன் கூட்டத்தை விஞ்சியது. அடுத்த மாதமே மனோஜ் நைட் சியாமளனின் ‘தி சிக்ஸ்த் சென்ஸ்’ வந்தது. அது பேய்களைக் காட்டிய படந்தான். ஆனால் யாருடைய துயரம் எது என்று அதற்குத் தெரிந்திருந்தது. பார்வையாளரின் பொறுமை குறைந்துவிட்டது என்ற சாக்கு அந்த ஆண்டில் எடுபடவில்லை.

மூலத்தை மாற்றவே கூடாது என்பது நம் கருத்தன்று. மைக் ஃப்ளானகன் 2018-இல் நெட்ஃபிளிக்ஸுக்காக இதே நாவலின் பெயரில் இயக்கிய பத்துப் பகுதித் தொடர், டெ போன்ட்டைவிடப் பன்மடங்கு துணிச்சலாக நாவலைக் கலைத்தது. எலினோர் அதில் ஐந்து பிள்ளைகளுள் ஒருத்தி. வீடு அவர்களின் இளமைக்கால வீடு. பல காட்சிகளில் சட்டகத்தின் பின்புறத்து இருளில் உருவங்கள் அசையாமல் நிற்கின்றன, இசையோ கேமராவோ அவற்றைச் சுட்டிக்காட்டுவதில்லை, கவனித்தவர் கவனித்தார். சிறுவயது முதல் எலினோரை அச்சுறுத்தி வந்த, கழுத்து முறிந்த பெண் யார் என்பது ஐந்தாம் பகுதியில் தெரியவருகிறது. அது அவளே. தூக்கில் தொங்கும் தன்னுடைய உருவத்தையே அவள் வாழ்நாள் முழுதும் பார்த்து அஞ்சியிருக்கிறாள். அவள் தொங்குவதும் சுருள்படியிலிருந்தே. பெயரற்ற துணைப்பெண் மடிந்த அந்தப் படியை ஃப்ளானகன் மறக்கவில்லை; அவளது இடத்தில் எலினோரையே நிறுத்திவிட்டார். அத்தொடரின் முடிவு இளகிப்போய்விட்டது, குடும்பப் பாசத்தில் எல்லாம் கரைந்துவிட்டது என்பது நம் குறை. ஆயினும் நாவலின் முடிச்சு எங்கே இருக்கிறது என்று தெரிந்து கைவைத்த ஒருவரின் பிழை அது.

இரு படங்களின் முடிவுகளையும் பார்த்துவிடலாம். 1963-இல் எலினோரை வீட்டைவிட்டு அனுப்பிவிட முடிவு செய்கிறார்கள். போக்கிடமற்றவளைப் போ என்கிறார்கள். கார் அவள் கையை மீறுகிறதா, அவளே செலுத்துகிறாளா என்பது தெளிவில்லை. கிரெய்னின் முதல் மனைவி மாண்ட அதே மரத்தில் மோதி இறக்கிறாள். படத்தின் தொடக்கத்தில் வீட்டில் உலவுவதன் தனிமையைப் பற்றிப் பேராசிரியரின் குரல் சொன்ன அதே வாசகம் கடைசியில் மீண்டும் ஒலிக்கிறது. இம்முறை சொல்வது எலினோரின் குரல். படர்க்கையில் இருந்தது தன்மைக்கு மாறிவிட்டது. அந்த வீட்டில் தனியே நடப்பவர்களுள் அவளும் ஒருத்தி; வீடு கிடைத்தது, தனிமை போகவில்லை.

1999-இல் எலினோர் கிரெய்னை எதிர்கொண்டு அறைகூவுகிறாள். புடைப்புருவங்கள் செதுக்கிய பெருங்கதவு அவனை உள்ளிழுத்துக்கொள்கிறது. அவளும் இறக்கிறாள், விடுதலை பெற்ற குழந்தைகளோடு ஒளியாக மேலேறிச் செல்கிறாள். பொழுது விடிந்து வாயிற்கதவு திறக்கப்படும்போது, எஞ்சிய இருவரும் ஒன்றும் பேசாமல் சாலையில் இறங்கி நடக்கிறார்கள்.